பெயரும் எலும்பும்: காவிரிப் படுகைக் கடல் ஊர்வனவற்றின் இனங்காணலும் பெயரிடலும்

ஆய்வுச்சுருக்கம்

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் கிரெட்டேசியக் காலப் பாறைகளிலிருந்து அழிந்துபோன கடல் ஊர்வனவற்றின் எச்சங்கள் 19ஆம் நூற்றாண்டு முதல் கிடைத்துவருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்குப் புதிய சிற்றினப் பெயர்கள் சூட்டப்பட்டன. அப்பெயர்களுள் சில பின்னர் ஐயத்திற்கு உள்ளாயின. ஓர் எலும்புத் துண்டு எந்த நிலையில் புதிய சிற்றினத்திற்குச் சான்றாகிறது, எந்த நிலையில் ஆவதில்லை என்பதை இக்கட்டுரை இந்திய மீன்பல்லி, திராவிடோசாரஸ், கச்சு மீன்பல்லி ஆகிய மூன்று நேர்வுகளைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தொல்லுயிரியல், புதைபடிவம், மீன்பல்லி, காரை உருவாக்கம், ஊட்டத்தூர்க் குழுமம், மூலமாதிரி, ஐயப்பெயர், கலைச்சொல்.

முன்னுரை

தாம்பரம், பல்லாவரம், திரிசூலம் ஆகிய ஊர்களை அடுத்துள்ள குன்றுகளில் நெடுங்காலம் கல் உடைக்கப்பட்டது. தென்சென்னைப் புறநகரின் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் இக்குன்றுகளின் கருங்கல் சென்றுள்ளது. இவ்வளவு கல் உடைக்கப்பட்ட இடத்தில் ஒரு மீனின் முள்ளோ சிப்பியின் ஓடோ கிடைத்ததாக ஒருவரும் கூறியதில்லை. கிடைக்கவும் வழியில்லை. இக்கல் சார்னோக்கைட் எனப்படுவது. கல்கத்தாவில் யோபு சார்னாக்கின் கல்லறைமேல் இருந்த கல்லை ஆய்ந்து, தாமசு ஆலந்து என்ற புவியியலாளர் அவர் பெயரையே இப்பாறைக்குச் சூட்டினார். அக்கல் இப்பகுதியின் பாறை வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. எலும்பு என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே அது இறுகிவிட்டது.

புதைபடிவம் உருவாக வண்டலும் சேறும் வேண்டும். அவை தாம்பரத்திற்கு மேற்கே திருப்பெரும்புதூர்ப் பகுதியில் உள்ளன. அங்குள்ள கீழ்க் கிரெட்டேசியக் களிப்பாறைகளின் செடியிலைப் பதிவுகளை ஓட்டோகார் பைசுட்மாண்டல் 1879இல் விவரித்தார். கடல் ஊர்வனவற்றைத் தேடுவோர் இன்னும் தெற்கே செல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 240 கி.மீ. கடந்தால் அரியலூர். தாம்பரத்தின் கருங்கல் நிலத்திலிருந்து புறப்படும் பயணி நான்கு மணி நேரத்திற்குள் ஒரு பழங்கடலின் தரையில் இறங்குகிறார்.

பல்லாவரத்திற்கு வேறொரு சிறப்பு உண்டு. 1863 மே 30 அன்று இராபர்ட் புரூசு பூட் இவ்வூரில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது. ஒரே ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது இயற்கையாக உடைந்ததன்று, மனிதன் கைபட்டது என்று பூட் துணிந்ததற்கும், ஒரு முள்ளெலும்பைக் கையில் எடுத்து இஃது இன்ன விலங்கினுடையது என்று தொல்லுயிரியலாளர் துணிவதற்கும் அறிவு முறையில் வேறுபாடு அதிகமில்லை. இரண்டும் வடிவத்திலிருந்து காரணத்தைத் தேடுவன. ஆனால் பின்னதில் துணிவு தவறும் வாய்ப்பு மிகுதி.

பழங்கடலும் தமிழ் ஊர்ப்பெயர்களும்

காவிரிப் படுகையின் கடற்படிவுகள் உலகத் தொல்லுயிரியல் நூல்களில் இடம்பெற்றது 1840களில். சென்னை மாகாண அலுவலர்களாக இருந்த கேயும் கன்லிப்பும் திரட்டிய சிப்பிகளையும் சங்குகளையும் எட்வர்டு போர்ப்சு 1846இல் இலண்டனில் விவரித்தார். பின்னர் இந்தியப் புவியியல் அளவைத் துறையின் பிளான்போர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் மூன்று குழுமங்களாகப் பகுத்தார். பெர்டினாண்டு ஸ்டோலிச்கா அவற்றின் முதுகெலும்பற்ற உயிர்களைப் பல தொகுதிகளில் பதிப்பித்தார்.

இதனால் தமிழ் ஊர்ப்பெயர்கள் பல உலகப் புவியியல் சொற்களாயின. காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, கல்லமேடு ஆகியன இன்று பாறை உருவாக்கங்களின் பெயர்கள். அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர்களுள் ஒரு பேரினம் ஊட்டத்தூரின் பெயரால் உட்டாட்டூரிசெராஸ் என்றும், ஒரு சிற்றினம் அரியலூரின் பெயரால் அரியலூரென்சிஸ் என்றும் வழங்குகின்றன. வைணவர் இல்லங்களில் வழிபடப்பெறும் சாளக்கிராமக் கற்களுள் பலவும் இமயத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்டுகளே ஆதலின், இவ்வுயிரின் வடிவம் தமிழர்க்குப் புதிதன்று.

பெயர்களின் வரலாற்றில் இங்கு ஒரு சுவையான முரண் உண்டு. டால்மியாபுரம் என்ற தொடர்வண்டி நிலையத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக்கோரி 1953இல் நடந்த போராட்டம் தமிழக அரசியல் வரலாறு அறிந்த ஒன்று. நிலையத்தின் பெயர் பின்னாளில் மாறியது. ஆனால் அவ்வூர்ச் சுண்ணாம்புப் பாறைக்குப் புவியியலாளர் இட்ட டால்மியாபுரம் உருவாக்கம் என்ற பெயர் இன்றும் மாறவில்லை. அறிவியல் பெயர்கள் மக்களின் வழக்கைப் பின்பற்றி மாறுவதில்லை. முதலில் அச்சில் ஏறியதையே பற்றி நிற்கின்றன. இந்த இயல்பே பின்வரும் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர்.

இந்திய மீன்பல்லி

மீன்பல்லி என இங்குக் குறிக்கப்படுவது இக்தியோசார். கிரேக்கத்தில் இச்சொல்லின் பொருள் மீன்பல்லி என்பதே. எனினும் அது மீனும் அன்று, பல்லியும் அன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, நீரிலேயே குட்டி ஈன்று, உருவில் ஓங்கிலை ஒத்திருந்த ஊர்வன அது. செய்தித்தாள்கள் இதனைக் கடல் டைனோசர் என எழுதுவது பிழை. டைனோசர்களின் கிளை வேறு, இதன் கிளை வேறு. இங்கிலாந்தின் லைம் ரீஜிசு கடற்கரையில் மேரி அன்னிங்கும் அவர் உடன்பிறந்தவரும் 1811, 1812ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்திய எலும்புக்கூடே அறிஞர் கவனத்தை இவ்விலங்கின்பால் திருப்பியது.

1879இல் ரிச்சர்டு லைடெக்கர், ஊட்டத்தூர்க் குழுமத்தில் கிடைத்த சில முள்ளெலும்பு உடலங்களைக் கொண்டு இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்ற புதிய சிற்றினத்தை நிறுவினார். தலையோட்டின் பகுதியோ துடுப்புக் காலோ அவர் சான்றுகளில் இல்லை. சதுரங்கக் காய்போல் வட்டமாய், இருபுறமும் குழிந்த தட்டு எலும்புகளே அவர் முன் இருந்தவை. இந்தியாவில் இவ்விலங்கு முன்பு அறியப்படாதது. ஆகவே இந்தியப் பெயர் தரலாம் என்பது அக்கால நடைமுறைக்கு இயைந்ததே. அன்றைய அறிஞர் பலரும் இடம் புதிதாயின் இனமும் புதிது எனக் கருதினர்.

ஒரு முள்ளெலும்பு எவ்வளவு சொல்லும் என்பதை இங்குச் சற்று விரிவாக நோக்க வேண்டும். முதலில் அது மீன்பல்லியுடையதுதானா என்பது. பெருஞ்சுறாக்களின் முள்ளெலும்பும் வட்டத் தட்டாய், இருபுறம் குழிந்தே இருக்கும். ஆனால் சுறாவினுடையது சுண்ணமேறிய குருத்தெலும்பு. மீன்பல்லியினுடையது உண்மை எலும்பு. மேலும் மீன்பல்லியின் உடலத்தில் நரம்பு வளைவு பொருந்தும் தடமும், பக்கவாட்டில் விலா எலும்பு பொருந்தும் முகப்புகளும் காணப்படும். இம்முகப்புகள் இரண்டாயின் எலும்பு உடற்பகுதியைச் சேர்ந்தது. ஒன்றாயின் வாற்பகுதியைச் சேர்ந்தது. அகலத்திற்கும் தடிப்பிற்கும் உள்ள விகிதம் கழுத்திலிருந்து வால் வரை படிப்படியாக மாறிச்செல்லும். ஆகவே ஒரே விலங்கின் நூற்றுக்கும் மேற்பட்ட முள்ளெலும்புகளுள் இரண்டைப் பிரித்தெடுத்து வைத்தால், அறியாதவர் அவற்றை இரு வேறு விலங்கினுடையன எனக் கொள்ளக்கூடும். மறுதலையாக, வெவ்வேறு சிற்றினங்களின் ஒரே இடத்து முள்ளெலும்புகள் வேறுபாடின்றியும் தோன்றும். முள்ளெலும்பு குடும்பத்தைச் சொல்லும்; உடலில் தன் இருப்பிடத்தைச் சொல்லும்; விலங்கின் பருமனையும் ஓரளவு சொல்லும். சிற்றினத்தைச் சொல்வது அரிது.

லைடெக்கரின் பெயர் இதனாலேயே தளர்ந்தது. ஊட்டத்தூர் மீன்பல்லி பின்னர் பிளாட்டிப்டெரிஜியஸ் என்ற பேரினத்தின்கீழ் வைத்துப் பேசப்பட்டது. 1922இல் பிரீட்ரிக் பான் ஹியூன் அமைத்த இப்பேரினம் காலப்போக்கில் கிரெட்டேசிய மீன்பல்லிகள் பலவற்றைக் கொட்டிவைக்கும் கூடையாக மாறிவிட்டது. 2003இல் மெக்கவனும் மோட்டானியும் மீன்பல்லிகள் அனைத்தையும் தொகுத்து ஆய்ந்தபோது இந்தியச் சிற்றினத்தை ஐயப்பெயர் என ஒதுக்கினர். ஐயப்பெயர் என்பது பொய்ப்பெயர் என்று பொருள்படாது. பெயர் முறைப்படி வெளியானது, எலும்பும் உண்மையானது. ஆனால் அவ்வெலும்பைக் கொண்டு வேறோர் எலும்பை இதுவும் அதுவே என்றோ, இஃது அதுவன்று என்றோ கூற இயலாது. பெயர் நிற்கிறது, அதன் எல்லை தெரியவில்லை.

தமிழிலக்கிய மாணவர்க்கு இந்நிலை அறிமுகமானதே. குண்டலகேசியும் வளையாபதியும் முழுநூலாகக் கிடைக்கவில்லை. மேற்கோளாகவும் தொகைநூலிலும் எஞ்சிய பாடல்களால் அறியப்படுகின்றன. ஊர்பேர் சுட்டாத ஒரு தனிப்பாடல் புதிதாகக் கிடைத்து, அதன் யாப்பும் பொருளும் ஒத்திருந்தால் அதனை வளையாபதிப் பாடல் என்று கூறலாமா? கூற விரும்புவோர் இருப்பர். கூடாதென்பதே பதிப்பியல் நெறி. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட மறைந்துபோன தமிழ் நூல்கள் என்ற நூல், பெயர் மட்டும் எஞ்சி நூல் எஞ்சாத நிலையின் நீண்ட பட்டியல். செம்புலப்பெயனீரார் போன்ற புலவர்க்கு இயற்பெயர் தெரியாத நிலையில் பாடலின் தொடரையே பெயராக்கிய தொகுப்பாளர், பாடலுக்கு அப்பாற்பட்ட எதனையும் தாம் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. லைடெக்கரின் பெயர் அத்தகைய அடக்கமுடையதன்று. ஒரு நிலப்பரப்பு முழுவதன் பெயரையும் சில தட்டெலும்புகளின்மேல் ஏற்றியது.

காரையின் பற்கள்

பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு அருகே களிமண் நிலம் மழைநீரால் அரிக்கப்பட்டு, ஓடைகளும் மொட்டை மேடுகளுமாகக் கிடக்கிறது. செடி நிலைக்காத அம்மேடுகளில் ஜிப்சம் கீற்றுகள் வெயிலில் மின்னும். பெலம்னைட்டுகளின் விரல் போன்ற எச்சங்கள் காலடியில் கிடக்கும். காரை உருவாக்கம் ஆல்பியக் காலத்தின் பிற்பகுதி முதல் தூரோனியக் காலத் தொடக்கம் வரை படிந்தது. ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், செனோமேனியக் கால இறுதியில், உலகக் கடல்களிலிருந்து மீன்பல்லிகள் மறைந்தன. அந்த எல்லைக்கு முன்னும் பின்னும் படிந்த பாறை காரையில் உள்ளது. ஊட்டத்தூர் மீன்பல்லிகள் தம் குலத்தின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவை என்பதால், அவை ஒரே சிற்றினமா பலவா என்ற வினா வெறும் பெயர்ப்பட்டியல் வினாவன்று. மீன்பல்லிகள் ஓரிரு சிற்றினங்களாகத் தேய்ந்து மறைந்தனவா, பல்வகையாய்ச் செழித்திருந்த நிலையில் திடுமென அழிந்தனவா என்பது இத்தகைய எண்ணிக்கைகளைப் பொறுத்தே முடிவாகும். இங்கிலாந்தில் 1846 முதல் அறியப்பட்ட கேம்பிலோடான் என்ற சிற்றினத்தை 2016இல் வாலண்டைன் பிசர் மீளாய்வு செய்து, பிளாட்டிப்டெரிஜியஸ் கூடையிலிருந்து எடுத்துப் பெர்வுசோவிசாரஸ் என்ற வேறொரு பேரினத்தில் சேர்த்தார். கூடை ஒவ்வொரு முறை பிரிக்கப்படும்போதும் கடைசி மீன்பல்லிகளின் பன்மை கூடுகிறது.

2011இல் அண்டர்வுட், அஞ்சலி கோசுவாமி, ஜி. வி. ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, பிளின் ஆகியோர் காரையின் கடல்வாழ் முதுகெலும்பிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கு முதன்மையானது. அதில் மீன்பல்லியின் பற்களும் முள்ளெலும்புகளும் இடம்பெற்றன. அவற்றுக்குப் புதிய பெயர் சூட்டப்படவில்லை. அதே கட்டுரையில் சுறாக்களுக்கு மட்டும் டுவார்டியஸ் சுடிண்டிகஸ் முதலிய புதிய சிற்றினங்கள் நிறுவப்பட்டன. ஒரே நிலத்தில், ஒரே குழுவினர், பல்லையே சான்றாகக் கொண்டு ஒன்றுக்குப் பெயரிட்டனர், மற்றொன்றுக்கு இடவில்லை. இஃது ஓரவஞ்சனை அன்று. சுறாவின் உடல் குருத்தெலும்பால் ஆனது, எளிதில் அழியும். வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை அது உதிர்க்கும். பல்லின் முனை, தோள், வேர் ஆகியன சிற்றினந்தோறும் வேறுபடுவதால் சுறாக்களின் வகைப்பாடே பல்லின்மேல் கட்டப்பட்டுள்ளது. மீன்பல்லியின் பல்லோ கூம்பு வடிவம், நீளவாக்கில் வரிகள், வேரில் மடிந்த பல்திசு என்ற பொது அமைப்பிலேயே நின்றுவிடுகிறது. வேரின் குறுக்குவெட்டு வட்டமா நாற்கோணமா என்பது குழுவை உணர்த்தலாம். அதற்குமேல் செல்லத் தலையோடும் துடுப்பும் வேண்டும். குறிப்பாகத் தோள்மூட்டை அடுத்த மேற்கை எலும்பின் கீழ்முனையில் எத்தனை முகப்புகள் உள்ளன என்பது இவ்விலங்குகளின் வகைப்பாட்டில் பெரிதும் எண்ணப்படுகிறது.

திராவிடோசாரஸ்: ஒரு பெயர், இரு விலங்கு

1979இல் இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் திருச்சிராப்பள்ளிக் குழுமத்தின் கோனியாசியப் படிவுகளிலிருந்து திராவிடோசாரஸ் பிளான்போர்டி என்ற புதிய விலங்கை அறிவித்தனர். தலையோட்டின் பகுதி, இடுப்பெலும்புகள், தட்டுகள், முள் ஆகியன சான்றுகள். முதுகில் தட்டுகளை வரிசையாகக் கொண்ட ஸ்டெகோசார் வகை டைனோசர் என்பது அவர்தம் முடிவு. பிற நாடுகளில் இவ்வகை கீழ்க் கிரெட்டேசியக் காலத்தோடு மறைந்ததாகக் கருதப்பட்டதால், தென்னிந்தியாவில் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அது வாழ்ந்தது என்ற கூற்று வியப்பை உண்டாக்கியது. தீவாகப் பிரிந்து நகர்ந்துகொண்டிருந்த இந்தியா பழங்குடிகளின் புகலிடமாக இருந்தது என விளக்கமும் கூறப்பட்டது. 1981இல் பீட்டர் கால்டன் இதனை ஸ்டெகோசார் என ஏற்றார்.

1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் இதனை மறுத்தனர். எலும்புகள் மிகவும் சிதைந்தவை. இடுப்பும் பின்காலும் பிளீசியோசார் எனப்படும் கடல் ஊர்வனவற்றின் அமைப்பைக் காட்டுகின்றன. தலையோடும் தட்டுகளும் என்று கூறப்பட்டவை உறுதியானவை அல்ல என்பது அவர்தம் நிலை. பிளீசியோசார் நான்கு துடுப்புகளால் நீந்திய விலங்கு. அதன் இடுப்பு, தோள் எலும்புகள் அகன்ற தட்டைப் பலகைகள். அத்தகைய பலகை எலும்பு உடைந்து தேய்ந்த நிலையில் முதுகுத்தட்டு என மயங்கற்கு இடந்தரக்கூடும். கிடைத்த பாறை கடற்படிவு என்பதும் மறுப்பாளர்க்குத் துணை. எனினும் அதனை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. நிலவிலங்கின் பிணம் ஆற்றில் மிதந்து கடலில் அமிழ்வது இயல்பே.

இவ்விவாதம் முற்றும் தீர்ந்ததாகக் கொள்ள இயலாது. ஆனால் பெயரியல் நோக்கில் இதில் ஓர் ஆழ்ந்த செய்தி உள்ளது. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி பெயர் விளக்கத்தோடு கட்டப்படுவதில்லை; மூலமாதிரி எனப்படும் குறிப்பிட்ட எலும்போடு கட்டப்படுகிறது. விளக்கம் தவறாகலாம், அவ்வெலும்பு மாறாது. எனவே மூலமாதிரி உண்மையில் பிளீசியோசாருடையது என நிறுவப்படின், திராவிடோசாரஸ் என்ற பெயர் அழியாது. டைனோசர் பட்டியலிலிருந்து கடல் ஊர்வன பட்டியலுக்கு இடம் மாறும். அதன் சிற்றினத் தனிப்பண்புகளைச் சுட்ட முடிந்தால் நிலைபெறும்; முடியாவிடில் இந்திய மீன்பல்லியைப் போல் ஐயப்பெயராகும். திராவிட என்ற அடைமொழியின் பெருமையும் சிறுமையும் இதில் எவ்வகையிலும் எடைக்கு வரா. தமிழில் எழுதப்படும் பொதுக் கட்டுரைகள் சில, பெயரின் முற்பகுதியைக் கண்டவுடன் எலும்பை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

மூலமாதிரியே அழிந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். அரியலூர் மாவட்டக் கல்லமேட்டில் கண்டெடுத்து, இதே இருவர் 1980களின் இறுதியில் அறிவித்த புருகத்காயோசாரஸ் கடல் ஊர்வன அன்று. நிலத்தில் வாழ்ந்த டைனோசர். ஆயினும் இங்குக் கூறத்தக்கது. அதன் கணைக்கால் எலும்பு 2 மீட்டர் நீளம் எனப் பதிவாயிற்று. முதலில் ஊனுண்ணி எனவும், பின்னர் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி எனவும் கொள்ளப்பட்டது. கல்மரமாக இருக்கலாமோ என்ற ஐயமும் எழுந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் வட்டாரத்தில் இவ்வையம் அடிப்படையற்றதன்று. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் எலும்பின் குருதிக்குழல் வழிகளும் மரத்தின் உயிரணு அடுக்கும் எளிதில் வேறுபடும். ஆனால் அறுப்பதற்குரிய எலும்புகள் பின்னர் சிதைந்து போயின. வயலிலிருந்து எடுக்கும்போதே பிசின் ஊட்டி, பாரிசுச் சாந்தில் பொதிந்து காவாத எலும்பு ஈரத்திலும் வெயிலிலும் பொடியாகும். வரைபடங்களும், 2022இல் வெளியான ஒளிப்படங்களுமே இன்று துணை. ஏடு செல்லரித்தபின் பெயர்த்தெழுதிய படியை மட்டும் வைத்துப் பாடம் தீர்மானிக்கும் பதிப்பாசிரியரின் நிலையே இது.

பெயரிடாமையின் மதிப்பு

2016இல் குசராத்தின் கச்சுப் பகுதியில் லோடாய் என்ற ஊரருகே ஜி. வி. ஆர். பிரசாத்தும் உடன் ஆய்ந்தோரும் ஏறத்தாழ முழுமையான மீன்பல்லி எலும்புக்கூடு ஒன்றைப் பாறையிலிருந்து விடுவித்தனர். அதன் நீளம் 5 முதல் 5.5 மீட்டர் என மதிப்பிடப்பட்டது. உடன்கிடந்த அம்மோனைட்டுகளாலும் பெலம்னைட்டுகளாலும் அதன் காலம் ஜுராசிக் காலத்துக் கிம்மெரிட்ஜியம், ஏறத்தாழ 15 கோடி ஆண்டு, என வரையறுக்கப்பட்டது. இந்தியாவின் முதல் ஜுராசிக் மீன்பல்லி என்ற சிறப்போடு 2017 அக்டோபரில் கட்டுரை வெளியாயிற்று. அதில் புதிய சிற்றினப் பெயர் இல்லை. ஆப்தால்மோசாரிடே குடும்பத்தைச் சார்ந்தது என்ற அளவில் ஆசிரியர்கள் நிறுத்திக்கொண்டனர்.

சில தட்டெலும்புகளுக்கு 1879இல் ஒரு பெயர் கிடைத்தது. ஏறத்தாழ முழு உடலுக்கு 2017இல் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் எலும்பின் மதிப்புக் குறையவில்லை, சான்றின் அளவுகோல் உயர்ந்தது. விதிகளிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 1931க்கு முன் வெளியான பெயருக்கு ஏதேனும் ஒரு விளக்கம் இருந்தால் போதும். அதன்பின் பிறவற்றினின்று வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லால் கூறுதல் வேண்டும் என்றாயிற்று. 1999க்குப் பிந்தைய பெயராயின் மூலமாதிரியை வெளிப்படச் சுட்டுவதும், அது எங்குக் காக்கப்படும் எனக் கூறுவதும் கட்டாயம். இவற்றுக்கும் மேலாக, நூற்றுக்கணக்கான உடற்கூற்றுப் பண்புகளை அட்டவணையாக்கிக் கிளைமரபுப் பகுப்பாய்வு செய்து, புதிய விலங்கு எக்கிளையில் அமர்கிறது எனக் காட்டுவது இன்றைய வழக்கம். இஃது விதியன்று, ஆனால் மதிப்பீட்டாளர் எதிர்பார்ப்பது.

கச்சு எலும்புக்கூட்டில் முழுமை இருந்தும், வகைப்பாட்டுக்கு வேண்டிய நுண்பகுதிகள் எல்லாம் தெளிவாக வெளிப்படும் வகையில் அது கிடக்கவில்லை. முழுமை வேறு, தெளிவு வேறு. பாறையின் அழுத்தத்தால் நசுங்கிய தலையோட்டில் பொருத்துவாய்க் கோடுகள் மறைந்துவிடும். நசுங்கலால் உண்டான அகலத்தை இயற்கைப் பண்பெனக் கொண்டு புதிய சிற்றினம் நிறுவிய பிழைகள் இத்துறையின் வரலாற்றில் பல.

இளமைப்பெயரும் சிற்றினமும்

மற்றொரு பிழை வளர்ச்சிநிலையால் நேர்வது. குட்டியின் கண்குழி தலைக்கு ஒப்பப் பெரிது, எலும்பு முனைகள் முற்றாதவை, முகப்புகள் மழுங்கியவை. இதே சிற்றினத்தின் முதிர்ந்த விலங்கை அருகில் வைத்தால் இரண்டும் வேறெனத் தோன்றும். ஆணும் பெண்ணும் அளவில் வேறுபடும் விலங்குகளிலும் இம்மயக்கம் நிகழும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்ததைத் தமிழாய்வாளர் பலரும் உயிரியல் வகைப்பாட்டோடு ஒப்பிட்டுள்ளனர். அவ்வொப்பீடு சில இடங்களில் மிகையாகிவிடுகிறது. அறிவால் பகுத்தலும் மரபுவழிக் கிளையால் பகுத்தலும் வெவ்வேறு நோக்கமுடையன. ஆனால் அவ்வியலின் தொடக்கம், அதிகம் பேசப்படாத ஒரு நிலையில், இங்குப் பயன்படுகிறது. அது விலங்குகளின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றை மரபு தவறாமல் வகுக்கிறது. கன்று, பறழ், குருளை என்பன தனி விலங்குகள் அல்ல, ஒரு விலங்கின் பருவங்கள் என்பதைச் சொல்வழக்கே காட்டிவிடுகிறது. வாழும் விலங்கைக் கண்ணால் கண்டவர்க்கு அவ்வறிவு இயல்பாக வாய்த்தது. தொல்லுயிரியலாளர் எதிர்த்திசையில் நடக்க வேண்டியவர். அவர் முன் பறழும் களிறும் பிடியும் வேறு வேறு எலும்புகளாகக் கிடக்கின்றன. தாயோடு குட்டி திரிவதைக் கண்டவர் யாருமில்லை. எலும்பின் குறுக்குவெட்டில் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, மூட்டு முனைகளின் முதிர்ச்சியை நோக்கி, இது பருவ வேறுபாடா இன வேறுபாடா என அவர் தீர்க்க வேண்டும்.

கலைச்சொற்கள்

இப்பொருளைத் தமிழில் எழுதும்போது எழும் இடர்ப்பாடு ஒன்றையும் சுட்ட வேண்டும். இனம் என்ற சொல் தமிழில் குடும்பம், பேரினம், சிற்றினம் ஆகிய மூன்றையும் குறித்து வழங்குகிறது. புதிய இனம் கண்டுபிடிப்பு என்ற தலைப்பைப் படிப்பவர்க்கு, புதிய சிற்றினம் நிறுவப்பட்டதா, அறிந்த குடும்பத்தின் உறுப்பு ஒன்று புதிய இடத்தில் கிடைத்ததா என்பது விளங்குவதில்லை. கச்சு மீன்பல்லி பின்னதற்கு எடுத்துக்காட்டு. மூலமாதிரி, ஐயப்பெயர், இனங்காட்டுப் பண்பு என்ற மூன்று சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றால் இக்குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கும். மீன்பல்லி என்ற மொழிபெயர்ப்பும் குறையுடையதே. எனினும் கிரேக்கப் பெயரும் அதே குறையுடையது என்பதால் அதனை விலக்க வேண்டியதில்லை.

இந்திய மீன்பல்லியின் பெயரை மீட்க வழி உண்டா என்பது எஞ்சிய வினா. மூலமாதிரி பயனற்றதாய் இருக்கும்போது, அதே இடத்தில், இயன்றவரை அதே பாறையடுக்கில் கிடைக்கும் சிறந்த எலும்புக்கூட்டைப் புதிய மூலமாதிரியாக ஏற்க, பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையத்தை வேண்டலாம். அதற்கு ஊட்டத்தூர்க் குழுமத்திலிருந்து தலையோடும் மேற்கை எலும்பும் கூடிய ஓர் உடல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் காரை மேடுகளைச் சிறிது அரித்துப் புதிய எலும்புகளை வெளிக்கொணர்கிறது. எடுப்பார் இல்லையேல் அடுத்த மழை அவற்றை ஓடையில் கரைத்துவிடுகிறது.